பாரங் கட்டும் வித்தை

நம் நாட்டு வீதிகளில் இக்காலத்தில் அடிக்கடி காணப்படும் காட்சி ஒன்றுண்டு. வீதி அமைக்கும் இடத்துக்கோ, குளக்கட்டுத் திருத்தும் இடத்துக்கோ, அத்திவாரம் வெட்டும் இடத்துக்கோ செல்லும் மண்வெட்டும் இயந்திரம் ஒன்று, தாழ்ந்த தட்டையான டிரெயிலர் மீது ஏறியிருக்க, பெரிய லொறியொன்று அதனை இழுத்துச் செல்லும். 'பெக்கோ' என்று சொன்னால் சிறுவர் முதல் முதியோர் வரை யாவரும் அதனை அறிவர். வீதியோரத்தில் நிற்கும் பிள்ளைகள் அதன் நீண்ட கையையும் இரும்புப் பற்களையும் வியந்து நோக்குவர். பெரியோர் அது எங்கே போகின்றது, எவர் காணியில் வேலை என்று தம்முட் பேசிக்கொள்வர். ஆயின், அவ்வியந்திரத்தை டிரெயிலரோடு பிணைத்திருக்கும் சங்கிலிகளை நோக்குவோர் மிகச் சிலரே.

அச்சங்கிலிகளைப் பற்றியே ஈண்டு நாம் பேசக் கருதுகின்றோம். இது லொறிச் சாரதிகளுக்கு மட்டும் உரிய விடயம், நமக்கென்ன என்று வாசகர் எண்ணலாகாது. சங்கிலி அறுந்தால் முதலில் ஆபத்துக்கு உள்ளாகுபவர் சாரதி. அவருக்கு அடுத்தபடியாக உள்ளாகுபவர் அதே வீதியில் சைக்கிளிற் செல்லும் மாணவனும், எதிரே வரும் பஸ்ஸில் இருக்கும் தாயும் பிள்ளையுமே. மேலும், நம் பிள்ளைகளிற் பலர் நாளை உள்நாட்டிலோ கடல் கடந்த நாடுகளிலோ இத்தகைய இயந்திரங்களோடு தொழில் செய்யப் போகின்றவர்கள். வகுப்பறையிற் படிக்கும் பௌதிகம் வீதியில் உயிர் காக்கும் இடம் இது என்பதை அவர்கள் இப்பொழுதே அறிதல் நன்று.

ஏன் சுமக்க வேண்டும்?

தானே நகரக்கூடிய இயந்திரத்தை மற்றொரு வண்டியில் ஏற்றுவது ஏன் என்ற கேள்வி இயல்பாக எழும். இரும்புத் தொடர்ப்பட்டியில் ஊர்ந்து செல்லும் இயந்திரம் சேற்றிலும் மணலிலும் புதையாது செல்வதற்காக ஆக்கப்பட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பென்ஜமின் ஹோல்ட் என்பவர் 1904ஆம் ஆண்டிலே அத்தகைய உழவு இயந்திரத்தை ஓட்டிச் சோதித்தார். சேற்றில் நன்மை செய்யும் அப்பட்டியே தார் வீதியில் தீமை செய்கின்றது. அது வீதியைக் கீறிப் பெயர்க்கும். தானும் விரைவில் தேயும். அதன் வேகமோ மனிதன் நடக்கும் வேகத்தைச் சிறிதே விஞ்சும். ஆகவே அதனைச் சுமந்து செல்வதே சிக்கனமாகும். இரண்டாம் உலகப் போரிலும், வட ஆபிரிக்கப் பாலைவனம் போன்ற இடங்களில், போர்த்தாங்கிகளைத் தேய்வினின்றுங் காப்பதற்காக அவற்றைப் பல சில்லுகள் கொண்ட டிரெயிலர்களில் ஏற்றிச் சென்றனர்.

இத்தொடர்பில் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. 'ஜே.சி.பி.' என்ற பெயர் இன்று மண்வெட்டும் இயந்திரங்களுக்கே பெயராகிவிட்டது. அந்த எழுத்துக்களுக்கு உரியவரான ஜோசப் சிரில் பாம்போர்ட் என்னும் ஆங்கிலேயர் 1945இல் தமது தொழிலைத் தொடங்கியபோது முதன்முதலாகச் செய்து விற்றது, கமத்தொழிலுக்கான ஒரு டிரெயிலரையே ஆகும். மண் வெட்டும் இயந்திரங்கள் பின்னரே வந்தன.

"கனமான பொருள் அசையாது" என்னும் மயக்கம்

பாரம் ஏற்றுவோரிடையே பழைய நம்பிக்கை ஒன்று வேரூன்றியிருக்கின்றது. "இருபது தொன் நிறையுள்ள இயந்திரம். அதன் நிறையே அதனைப் பிடித்துக்கொள்ளும். சங்கிலி பேருக்குப் போட்டாற் போதும்" என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இக்கூற்று முற்றிலும் பிழையானது. அது ஏன் பிழை என்பதை உணர்ந்தவன் பாரங் கட்டும் வித்தையிற் பாதியைக் கற்றவனாவான்.

ஓடிக்கொண்டிருக்கும் லொறியின் மேலுள்ள பொருளும் லொறியின் வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கின்றது. லொறி சடுதியாக நின்றால், அப்பொருள் தன் ஓட்டத்தைத் தொடரவே முற்படும். இதனையே சடத்துவம் என்கிறோம். பஸ் திடீரென நிற்கும்போது நாம் முன்னே சாய்வதும் இதனாலேயே. அப்பொருளைத் தடுத்து நிறுத்தக் கட்டு எதுவும் இல்லையெனின், எஞ்சுவது தளத்துக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள உராய்வு ஒன்றே.

நிறை கூடினால் உராய்வும் கூடும் என்பது உண்மை. ஆனால் நிறை கூடுந்தோறும் முன்னோக்கித் தள்ளும் விசையும் அதே விகிதத்திற் கூடுகின்றது. ஒன்றை மற்றொன்று சரியாக ஈடுசெய்துவிடுவதால், நிறை கணக்கிலிருந்தே மறைந்துவிடுகின்றது. ஒரே தளத்தில், ஒரே வகை அடிப்பாகத்தோடு வைத்தால், ஓர் இறாத்தல் இரும்புத் துண்டு எப்பொழுது வழுக்குமோ அப்பொழுதே இருபது தொன் இரும்பும் வழுக்கும். பாரம் பெரிதாக இருப்பதனால் அது அடங்கி இருக்கப்போவதில்லை; புறப்பட்டால் அதனை நிறுத்துவது கடினம் என்பதொன்றே வேறுபாடு.

இரும்பின் மேல் இரும்பு இருக்கையில் உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.1 முதல் 0.2 வரையே. எண்ணெய், மழைநீர், சேறு ஆகியன இடையிற் புகுந்தால் இன்னுங் குறையும். இனிச் சிறு கணக்கொன்றைச் செய்து பார்ப்போம். லொறி மணிக்கு 40 கிலோமீற்றர் என்ற அடக்கமான வேகத்திலே செல்கின்றது எனக் கொள்வோம். வீதிக்குக் குறுக்கே ஒரு பிள்ளை ஓடுகின்றது. சாரதி முழுப் பலத்தோடு பிரேக்கை அழுத்துகின்றார். புவியீர்ப்பு ஆர்முடுகலின் 0.8 பங்கு என்ற கடுமையான நிறுத்தத்தில் லொறி ஏறத்தாழ 8 மீற்றரில் நின்றுவிடும். கட்டப்படாத இயந்திரத்தை நிறுத்துவதற்கு 0.2 என்ற உராய்வு மட்டுமே இருப்பின், அது நிற்பதற்கு ஏறத்தாழ 31 மீற்றர் வேண்டும். இடையிலுள்ள 23 மீற்றரில் இருப்பது எது? சாரதியின் ஆசனம், அதற்கப்பால், அவர் காப்பாற்ற முயன்ற அதே பிள்ளை.

ஆகவே கட்டு என்பது திடீரென நிற்கும் வண்டிக்காகப் போடப்படுவது. நின்ற இடத்தில் இழுத்துப் பார்த்து, "அசையவில்லை, சரி" என்று திருப்தியடைபவர் தேர்வுக்குரிய வினாவையே வாசிக்காதவர்.

வண்டிற்காரன் அறிந்த உண்மை

இவ்வித்தையின் மற்றொரு பாகத்தை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். வைக்கோலோ விறகோ ஏற்றும் மாட்டுவண்டிற்காரன் 'முன்பாரம்', 'பின்பாரம்' என்று பார்த்தே ஏற்றுவான். முன்பாரம் மிகுந்தால் நுகம் மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து அவற்றின் கழுத்தை நெரிக்கும். அளவான முன்பாரமே வண்டிக்கும் மாட்டுக்கும் நன்மை பயக்கும்.

மோட்டார் வாகனத்தின் பின்னே பூட்டப்படும் சிறு டிரெயிலருக்கும் இதே நீதி பொருந்தும். டிரெயிலரினதும் பாரத்தினதும் மொத்த நிறையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையான பங்கு பூட்டும் இடத்தில் முன்னே அழுத்த வேண்டும் என்பது பொதுவாகக் கூறப்படும் அளவு. இயந்திரத்தைச் சற்றுப் பின்தள்ளி நிறுத்திவிட்டால், குறிப்பிட்ட வேகத்தில் டிரெயிலர் பாம்பின் வாலைப் போல இருபக்கமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் ஒருமுறை வலுத்துவிட்டால் கைதேர்ந்த சாரதியும் அதனை அடக்குவது அரிது. மாடு கழுத்தை உதறித் தன் துன்பத்தை உணர்த்தும். இயந்திரமோ வீதியில் ஓடும்போதே உணர்த்தும். ஆதலின் பாரத்தை எங்கே நிறுத்துவது என்பது, எவ்வாறு கட்டுவது என்பதற்கு முன்னர் தீர்க்கப்பட வேண்டியது.

ஏற்றும் வேளையும் ஆபத்தானது. மட்டமான, உறுதியான நிலத்தில் லொறியை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஏறுபலகைகளின் மேல் நேர்கோட்டில் மெதுவாக ஏற்ற வேண்டும். சரிந்த பலகையின் நடுவிலே திரும்ப முயல்வது இயந்திரத்தைக் கவிழ்ப்பதற்கு வழி. பட்டியில் ஒட்டிய சேற்றை முன்னரே சுரண்டிவிடல் வேண்டும். வழிகாட்டுபவர் ஒருவரே இருத்தல் வேண்டும். அவரும் இயந்திரம் சரிந்தால் விழக்கூடிய பக்கத்தில் நிற்கலாகாது.

நான்கு சங்கிலி போதுமா?

கட்டும் முறையை விதியாக வகுத்த நாடுகளுள் ஐக்கிய அமெரிக்கா ஒன்று. அங்கு 2004ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைக்கு வந்த விதிகள் கட்டின் வலிமைக்கு ஓர் அளவு கூறுகின்றன. முன்னோக்கி 0.8 பங்கும், பின்னோக்கியும் பக்கங்களிலும் 0.5 பங்கும் ஆன புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கட்டுத் தாங்க வேண்டும். 10,000 இறாத்தலுக்கு, அதாவது ஏறத்தாழ நாலரைத் தொன்னுக்கு, மேற்பட்ட இயந்திரமாயின் குறைந்தது நான்கு கட்டுக்கள் வேண்டும். இரண்டு முன்னோக்கி இழுத்தும், இரண்டு பின்னோக்கி இழுத்தும் நின்றால், இயந்திரம் எப்பக்கம் செல்ல முயன்றாலும் அதற்கு எதிராக இரண்டு சங்கிலிகள் இருக்கும்.

ஆனால் 'நான்கு' என்பது ஆகக் குறைந்த தொகையே. எத்தனை வேண்டும் என்பதைச் சங்கிலியின் வலிமையே தீர்மானிக்கும். சங்கிலி ஒவ்வொன்றுக்கும் 'பாதுகாப்பான பார எல்லை' என ஓர் அளவு உண்டு. பாரங் கட்டும் சங்கிலிகளில் அது அறுபடும் அளவின் நான்கில் ஒரு பங்காக வைக்கப்பட்டிருக்கும். கட்டுக்கள் அனைத்தினதும் எல்லைகளைக் கூட்டினால், அத்தொகை பாரத்தின் நிறையிற் பாதிக்குக் குறையலாகாது என்பது அந்நாட்டு விதி. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. டிரெயிலரில் உள்ள வளையத்திலிருந்து நேரே இயந்திரத்தில் உள்ள வளையத்துக்குச் செல்லும் சங்கிலியாயின், அதன் எல்லையிற் பாதியையே கணக்கில் எடுக்க வேண்டும்.

மாணவர் இதனைச் செய்து பார்க்கலாம். இயந்திரத்தின் நிறை 20 தொன். எனவே வேண்டிய கூட்டுத்தொகை 10 தொன். 70ஆம் தரத்தைச் சேர்ந்த, அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு தடிப்புள்ள சங்கிலியின் எல்லை 6,600 இறாத்தல், அதாவது ஏறத்தாழ 3 தொன். நேர்க்கட்டாதலின் பாதியாகிய ஒன்றரைத் தொன்னே கணக்கிற் சேரும். நான்கு சங்கிலியும் சேர்ந்து 6 தொன் மட்டுமே! பத்துத் தொன்னை எட்ட ஏழு சங்கிலிகள் வேண்டும். இருபுறமும் சமமாகக் கட்ட வேண்டுமாயின் எட்டாகும். அதே தரத்தில் அரை அங்குலச் சங்கிலியின் எல்லை 11,300 இறாத்தல், ஏறத்தாழ 5.1 தொன். அவ்வகையில் நான்கு போட்டால் 10.2 தொன் வரும், மட்டுமட்டாகப் போதும். "நாலு மூலையும் கட்டியாயிற்று" என்ற சொல்லுக்கும் உண்மையான பாதுகாப்புக்கும் இடையிலுள்ள தூரம் இக்கணக்கிலே புலனாகின்றது.

தடிப்பைக் கண்ணால் அளந்து வலிமையை மதிப்பதும் தவறு. மேற்கூறிய எட்டில் மூன்று அங்குலச் சங்கிலியே 30ஆம் தரத்தினதாயின் அதன் எல்லை 2,650 இறாத்தல். அதாவது பாதிக்குங் குறைவு. இரண்டும் கையில் எடுத்தால் ஒன்று போலவே இருக்கும். தரம் வளையத்திலே பொறிக்கப்பட்டிருக்கும். பொறிப்பு இல்லாத சங்கிலியை 30ஆம் தரமாகவே மதிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. அறியாத பொருளைப் பலவீனமானதெனக் கொள்வதே அறிவுடைமை.

கோணமும் விரிப்பும்

அறிவுள்ள தொழிலாளி பார்க்கும் மற்றொன்று கோணம். சங்கிலி தளத்தோடு 45 பாகையில் நின்றால், அதன் இழுவையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கே முன்னோக்கிய ஓட்டத்தைத் தடுக்கப் பயன்படும். 60 பாகையாக நிமிர்ந்தால் பாதிதான் பயன்படும். செங்குத்தாக நின்றாலோ அது பாரத்தைக் கீழே அமுக்குமேயன்றி ஓட்டத்தை நேரே தடுக்காது. இயந்திரத்துக்கு அருகிலுள்ள வளையத்தில் மாட்டுவது எளிதுதான். ஆனால் சற்றுத் தள்ளியுள்ள வளையத்தில் மாட்டினால் அதே சங்கிலி கூடுதலாக உழைக்கும்.

கோணத்தைப் போலவே தளமும் முக்கியமானது. இருபது தொன் இயந்திரம் 0.8 பங்கு நிறுத்தத்தில் 16 தொன் விசையோடு முன்னே தள்ளும். இரும்புத் தளத்தின் உராய்வு அதில் 4 தொன்னைத் தடுக்கும். எஞ்சிய 12 தொன்னை, பின்னோக்கி இழுக்கும் இரண்டு சங்கிலிகளும் பங்கிட வேண்டும். 45 பாகைக் கோணத்தில், ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டரைத் தொன் இழுவையைத் தாங்க நேரும். இனி, தளத்துக்கும் பட்டிக்கும் இடையே தடித்த றப்பர் விரிப்பை இட்டு, உராய்வுக் குணகத்தை 0.6க்கு உயர்த்தினோம் எனக் கொள்வோம். உராய்வே 12 தொன்னைத் தடுத்துவிடும். சங்கிலி ஒவ்வொன்றும் தாங்க வேண்டியது மூன்று தொன்னுக்குள் அடங்கும். சாதாரண றப்பர்த் துண்டு செய்யும் உதவி இத்துணைப் பெரியது. றப்பர் விளையும் நாட்டவராகிய நாம் இதனை நினைவிற் கொள்ளல் தகும்.

மலைநாட்டு வீதிகளில் வேறொரு சுமையும் சேரும். கடுகண்ணாவைக் கணவாயிலோ நுவரெலியாவுக்குச் செல்லும் வளைவுகளிலோ இறங்கும்போது, பிரேக் அழுத்தாத வேளையிலும் பாரம் சரிவை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் இருபது தொன் இயந்திரம் இரண்டு தொன் விசையோடு இடையறாது இழுக்கும். வளைவிலே பக்கவாட்டு விசையும் கூடும். சமதரையில் சரியென்று தோன்றிய கட்டு மலையிலே தோற்பது இதனாலேயே.

சங்கிலியை இறுக்கும் கருவியிலும் கவனம் வேண்டும். நெம்புகோல் வகைக் கருவி விரைவாக இறுக்கும். ஆயின் அதன் கைபிடியில் அடங்கியுள்ள விசை, விடுவிக்கும்போது சடுதியாகத் திரும்பி அடிக்கவும் கூடும். கூடுதல் இறுக்கம் வேண்டி அதில் நீண்ட குழாயை மாட்டி இழுப்போர் தம் தாடையையும் முழங்கையையும் பணயம் வைக்கின்றனர். 'ராட்செட்' எனப்படும், சிறிது சிறிதாகத் திருகி இறுக்கும் கருவி நேரம் எடுக்கும். ஆனால் அத்தகைய அடி அதில் இல்லை. துணிப்பட்டிகளைப் பயன்படுத்தினால் கூரிய இரும்பு விளிம்புகளில் அவை உரசாதவாறு காப்பு வைத்தல் வேண்டும். கனரக இயந்திரத்துக்குச் சங்கிலியே சிறந்தது என்பது அனுபவசாலிகளின் கருத்து.

இயந்திரத்தின் கையும் அடங்க வேண்டும்

உடலைக் கட்டிவிட்டுக் கையை மறப்பது மற்றொரு பிழை. மண்வெட்டும் இயந்திரத்தின் நீண்ட கையை முற்றாகத் தாழ்த்தி, வாளியைத் தளத்திலே பதித்து, அதனையும் தனியே கட்ட வேண்டும். மேற்பாகம் சுழலாதிருக்கப் பூட்டிட வேண்டும். நடுவில் மடங்கித் திரும்பும் இயந்திரமாயின், அந்த மூட்டுக்குரிய ஆணியைச் செருக வேண்டும். உயரத்தைக் கயிறு கொண்டு அளந்து, செல்லும் வழியிலுள்ள பாலம், மின்கம்பி ஆகியவற்றின் உயரத்தோடு ஒப்பிட வேண்டும்.

இங்கிலாந்தின் கென்ற் மாகாணத்தில் 2016 ஆகஸ்ட் 27ஆம் திகதி நிகழ்ந்தது இதற்குச் சான்று. எம் 20 என்னும் பெருவீதியில், மண்வெட்டும் இயந்திரம் ஒன்றை ஏற்றிச் சென்ற லொறியின் பாரம், மேலே சென்ற நடைபாலத்தில் மோதியது. பாலத்தின் ஒரு பகுதி விடுமுறைக் காலத்துப் போக்குவரத்தின் நடுவே வீழ்ந்தது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் காயமுற்றார். உயிரிழப்பு ஏற்படாமை நற்பேறே. அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தில் 2013 மே 23ஆம் திகதி, உயரமான பாரம் ஒன்று ஸ்காஜிற் ஆற்றுப் பாலத்தின் மேற்சட்டங்களில் இடித்ததால் பாலத்தின் ஒரு கண்ணே ஆற்றில் வீழ்ந்தது. அப்பாலத்தின் மேற்சட்டங்கள் நடுவே உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருந்தன. இரண்டு வாகனங்கள் நீரில் வீழ, அவற்றிலிருந்த மூவர் மீட்கப்பட்டனர்.

பிணைப்பில் நேரும் குறை எத்துணைக் கொடியது என்பதை அதே 2013ஆம் ஆண்டு ஆகாயத்திலும் உலகம் கண்டது. ஏப்பிரல் 29ஆம் திகதி ஆப்கானிஸ்தானின் பாகிராம் தளத்திலிருந்து, ஐந்து கவச வாகனங்களை ஏற்றிக்கொண்டு போயிங் 747 வகைச் சரக்கு விமானம் ஒன்று எழுந்தது. வாகனங்கள் 12 தொன், 18 தொன் நிறையின. எழும்போதே ஒன்றாயினும் கட்டறுந்து பின்னோக்கி நகர்ந்து, விமானத்தின் வால்பகுதிக் கட்டுப்பாட்டுக் கருவிகளைச் சிதைத்தது. விமானம் வீழ்ந்து, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். இத்தகைய கனமான பாரங்களைப் பிணைப்பதற்கு வகுத்திருந்த நடைமுறைகள் போதாதவை என்பதையே விசாரணை காரணமாகக் காட்டியது. வீதியானாலும் வானமானாலும் சடத்துவத்தின் விதி ஒன்றே.

மீண்டும் பார்

கட்டியபின் ஒருமுறை பார்த்து விட்டாற் போதாது. ஓடும்போது பட்டியில் ஒட்டிய மண் உதிர்கின்றது. இடுக்கிலிருந்த கல் விழுகின்றது. றப்பர்ச் சில்லுகள் அமுங்கி எழுகின்றன. இயந்திரம் சிறிது இடம்பெயர்ந்து அமர்கின்றது. ஒரு விரற்கடை அமர்ந்தாலும் சங்கிலி தொய்ந்துவிடும். தொய்ந்த சங்கிலி இழுத்துப் பிடிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு குலுக்கலிலும் வெட்டி இழுபடும். இறுக்கமான நிலையில் தாங்கக்கூடிய சங்கிலி அவ்வெட்டிழுப்பில் அறுவதுண்டு.

இக்காரணம் பற்றியே அமெரிக்க விதிகள் முதல் 50 மைலுக்குள் வண்டியை நிறுத்திக் கட்டைப் பரிசோதிக்கும்படி கூறுகின்றன. அதன்பின் 3 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அல்லது 150 மைலுக்கு ஒருமுறை, எது முந்துமோ அப்பொழுது, மீண்டும் பார்க்க வேண்டும். நம் நாட்டின் குன்றுங் குழியுமான வீதிகளில் 50 மைல் வரை காத்திராமல், புறப்பட்ட சில மைல்களிலேயே முதற் பார்வையை இடுவது விவேகமாகும்.

கற்பிப்பவர் யார்?

இத்தொழிலுக்கு வரும் இளைஞன் பெரும்பாலும் கண்டு பழகியே கற்கின்றான். மூத்தவர் கட்டியவாறு தானும் கட்டுவான். மூத்தவர் நுட்பமறிந்தவராயின் அது பெரும் பேறு. கைத்திறனில் நூலறிவுக்கு எட்டாத பல உண்டு. ஆனால், "இதுவரை ஒன்றும் நடக்கவில்லை" என்பது மட்டுமே அவருடைய சான்றாயின், அச்சான்றை நம்பலாகாது. இதுவரை ஒன்றும் நடவாமைக்கு இதுவரை கடும் பிரேக் அழுத்த நேராமையே காரணமாக இருக்கலாம். இளைஞன் கேட்க வேண்டிய வினாக்கள் ஐந்து: பாரத்தின் நிறை என்ன? சங்கிலியின் தரம் என்ன? கோணம் என்ன? தளத்தின் உராய்வு எத்தகையது? அடுத்த பரிசோதனை எங்கே? இவ்வைந்துக்கும் விடை கூறக்கூடியவனே பாரங் கட்டத் தெரிந்தவன்.

அவசரப்படுத்தும் முதலாளிமாருக்கும் ஒரு சொல். நான்கு சங்கிலிகளை ஒழுங்காகக் கட்டுவதற்கு அரைமணி நேரம் செல்லக்கூடும். அந்த அரைமணிக்குரிய கூலியைச் சேமிக்க முற்படுபவர், தமக்குச் சொந்தமில்லாத உயிர்களை ஈடு வைத்தே அதனைச் சேமிக்கின்றார்.

குடும்பத்தவர் செய்யக்கூடியவையும் உண்டு. பாரமேற்றிய டிரெயிலரின் பின்னால் நெருங்கிச் செல்லற்க. அதன் பக்கத்திலே நெடுநேரம் ஒத்து ஓடற்க. வளைவிலும் இறக்கத்திலும் அதற்குத் தாராளமாக இடம் விடுக. இயந்திரத்தின் மீதோ, அது நிற்கும் டிரெயிலரின் மீதோ எவரையும் ஏறிச் செல்ல விடாதீர்கள். இறக்கும் இடத்தில் வேடிக்கை பார்க்கச் செல்லும் பிள்ளைகளைத் தூரத்திலே நிறுத்துங்கள். சங்கிலி ஒன்று தொங்குவதையோ தரையில் உரசித் தீப்பொறி பறப்பதையோ கண்டால், தயங்காது சாரதிக்குச் சைகை காட்டுங்கள். அவர் அதனைக் கண்ணாடியிற் காணாதிருக்கலாம்.

அடுத்த முறை 'பெக்கோ' ஒன்று உங்கள் ஒழுங்கையைக் கடந்து செல்லும்போது, உங்கள் பிள்ளைகளை அதன் கையை மட்டும் பார்க்க விடாதீர்கள். சங்கிலிகளை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு முன்னும் இரண்டு பின்னும் இழுத்து நிற்கின்றனவா, வாளி தளத்திலே பதிந்து கட்டப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். சிறுவயதில் எண்ணிப் பழகியவன், வளர்ந்து தானே கட்டும் நாளில் ஒன்றைக் குறைத்துக் கட்ட மனம் ஒப்பான்.